ஈற்றை விலக்கிய நூல்: பல் அச்சு வரலாற்றில் ஒரு சிறு பகுதி

பல்லுக்கு உறை பொருத்துவதன் வெற்றி பெரிதும் ஒரு கோட்டைப் பொறுத்தது. செதுக்கிய பகுதி முடிந்து செதுக்காத பகுதி தொடங்கும் விளிம்புக் கோடு அது. பல வேளைகளில் அக்கோடு பல் ஈற்றுக்குள் மறைந்திருக்கும். அச்சில் அது பதியாவிடில் உறையின் விளிம்பில் இடைவெளி விழும். அங்குக் கிருமி தங்கி, உறைக்கு அடியிலேயே சொத்தை தொடங்கும். ஈற்றைத் தற்காலிகமாக விலக்கும் நுட்பத்தின் வரலாறு இச்சிக்கலைச் சுற்றியே அமைந்தது.

1907இல் வில்லியம் டாகர்ட், மெழுகு வடிவத்தை உருக்கி நீக்கிப் பொன் வார்க்கும் முறையைப் பல் மருத்துவர்களிடையே பரப்பினார். வார்ப்பு துல்லியமானபோது அச்சும் துல்லியமாக வேண்டியதாயிற்று. பல்லைச் சுற்றிச் செப்பு வளையம் ஒன்றை இறக்கி, சூட்டில் இளகும் அச்சுக் கலவையை அதனுள் அழுத்தும் முறை வழக்கிலிருந்தது. வளையத்தின் ஓரமே ஈற்றைத் தள்ளியது. ஆனால் அது சற்றே ஆழமாக இறங்கினால் ஈறு கிழியும். புண் ஆறிய பின் ஈறு பின்வாங்கி, வேர் வெளித்தெரிவதும் உண்டு. 1920இல் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியது இக்காலகட்டத்தில்தான்.

1930களில் அகர் கூழும் 1950களில் பாலிசல்பைடு ரப்பரும் வந்தன. மீள்தன்மை கொண்ட இவை, பல்லின் உட்குழிந்த பகுதிகளையும் சிதையாமல் பதித்தன. எனினும் ஈற்றைத் தள்ளும் வலு இவற்றுக்கு இல்லை. அச்சுப் பொருள் மென்மையானதால், தள்ளும் பணி தனியொரு படியாகப் பிரிந்தது. பருத்தி நூல் அப்பணியை ஏற்றது.

நூல் இடத்தை உண்டாக்கும். கசியும் குருதியை நிறுத்தாது. ஆகவே அட்ரினலினில் நனைத்த நூல் பரவியது. குருதி நாளங்கள் சுருங்கின, கசிவு நின்றது. ஆனால் சிராய்த்த ஈற்றின் வழியே மருந்து உடலில் கலந்து, நெஞ்சுத் துடிப்பையும் குருதியழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். இதய நோயாளிக்கு அது ஆபத்து. இக்கவலையே அலுமினியம் குளோரைடு, பெரிக் சல்பேட் ஆகிய உப்புகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஈற்றுப் பள்ளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டராவது அகலாவிடில், அச்சின் மெல்லிய விளிம்பு கிழியும் அல்லது உருக்குலையும் என்பதும் பின்னர் ஆய்வுகளால் தெளிந்தது.

இன்று அச்சுக் கலவைக்கு மாற்றாக வாய்க்குள் நுழையும் ஸ்கேனர் வந்துவிட்டது. ஆயினும் ஈறு மறைக்கும் கோட்டை அக்கருவியாலும் காண இயலாது. எனவே கணினித் திரையில் உறையை வடிவமைக்கும் மருத்துவரும், அதற்கு முன் ஈற்றை நூலாலோ பசையாலோ மெல்ல விலக்கியாக வேண்டியிருக்கிறது.