நிமிர்ந்துபோன முள்ளும் ஐந்நூறு வருஷக் கதையும்

என் மேசையில் ஒரு தூண்டில் முள் கிடக்கிறது. ட்ரெபிள் ஹூக் என்பார்கள்: ஒரே தண்டு, மூன்று வளைவு, மூன்று முனை. அதில் ஒரு முனை மட்டும் வளைவே இல்லாமல் ஆணி மாதிரி நிமிர்ந்திருக்கிறது. போன மார்ச்சில் டெக்சஸ் ஏரி ஒன்றில், தண்ணீரில் மூழ்கிய மரக்கட்டைகளுக்கு நடுவே, நான் இதுவரை பார்த்ததிலேயே பெரிய லார்ஜ்மவுத் பாஸ் மீன் அதில்தான் மாட்டியது. அதை விட்டுத்தான் போய்ச் சேர்ந்தது.

கூட வந்த நண்பன் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "கம்பி சன்னம் மச்சான். நாலு எக்ஸ் வாங்கி மாட்டு."

மாட்டினேன். அடுத்த வாரம் என் லூர், அதாவது மீன் போலச் செய்த பொய் இரை, பழையபடி நெளியவில்லை. மூக்குக் குத்தித் தள்ளாடியது. இரண்டு மீன் கடித்தன. இரண்டும் துள்ளி உதறிவிட்டுப் போயின. இந்தத் தடவை முள் நிமிரவில்லை. வாயில் இறங்கினால்தானே நிமிர?

முதல் தடவை வலு போதவில்லை, இரண்டாம் தடவை வலு கூடிப்போச்சு. அப்படியானால் எது சரியான வலு? இந்தக் கேள்வியோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததில், கதை ஐந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டது.

1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றில், வீட்டிலேயே முள் செய்யும் முறை இருக்கிறது. தையல் ஊசியை எடுத்துக்கொள். கரித்தீயில் பழுக்கவைத்து ஆறவிடு, இளகிவிடும். கத்தியால் எதிர்முள்ளைக் கீறி எழுப்பு, முனையைக் கூராக்கு. மறுபடி தீயில் காட்டி வளை. காட்டாமல் வளைத்தால் ஒடியும். கடைசியாக இன்னொரு முறை சூடாக்கி நீரில் தோய், இறுகிவிடும். இதில் எல்லாமே பதம்தான். ரொம்ப இறுகினால் முள் படக்கென்று ஒடியும், ரொம்ப இளகினால் நிமிரும். இன்றைய தொழிற்சாலையும் இந்த இரண்டு ஆபத்துகளுக்கு நடுவேதான் நடக்கிறது.

ஊசியிலிருந்து முள் வந்ததால், ஊசி செய்த ஊரே முள்ளும் செய்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் இரண்டுக்கும் பேர்போனது. பிறகு நார்வேயில் முஸ்டாட் நிறுவனம் 1877-ல் முள் செய்யும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு கைக்கும் ஒரு பதம். அதற்குப் பிறகு ஆயிரம் முள்ளுக்கும் ஒரே அச்சு.

பாஸ் மீனும் ட்ரெபிளும் சேர்ந்த கதை அமெரிக்காவில் சூடுபிடிக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் மர லூர்கள் செய்து விற்றார். 1902-ல் காப்புரிமை வாங்கினார். அவர் கம்பெனியின் பழைய லூர் ஒன்றில் ஐந்து ட்ரெபிள், மொத்தம் பதினைந்து முனை! ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்கும் என்ற கணக்கு. 1932 ஜூன் 2-ல் ஜார்ஜியாவின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் கூட, அந்தத் தலைமுறை மர லூர் ஒன்றில்தான் மாட்டியது. (குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார்கள்!)

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அன்றைக்குப் பட்டு நூல். ஒவ்வொரு நாளும் பிரித்துக் காயவைக்காவிட்டால் மக்கிவிடும். சங்கிலியில் நைந்த கண்ணி நூல்தான். முள்ளின் வலுவைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? 1938-ல் டுபாண்ட் நைலானை அறிவித்தது. அது மக்கவில்லை, ஆனால் இழுத்தால் ரப்பர் போல நீண்டு கொடுத்தது. மீனின் திடீர் உதறலை நூலே வாங்கிக்கொண்டது. 1990-களில் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நூல் வந்தது. சன்னமானது, மகா வலு, நீளவே நீளாது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் உதறல் முழுவதும் நேரே முள்ளுக்குப் போனது. நைந்த கண்ணி இடம் மாறிவிட்டது.

இதற்குப் பதில்தான் அந்த 'எக்ஸ்' கணக்கு. 2 எக்ஸ் ஸ்ட்ராங் என்றால், இரண்டு அளவு பெரிய முள்ளுக்குரிய கம்பியில் செய்தது என்று அர்த்தம். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 1 எக்ஸ் இன்னொருவரின் 2 எக்ஸாக இருக்கலாம். கம்பியின் குறுக்களவு 10 சதவீதம் கூடினால், வளைவைத் தாங்கும் வலு சுமார் 33 சதவீதம் கூடுகிறது. கேட்க லாபம்தான். ஆனால் எடையும் 21 சதவீதம் கூடும். என் லூர் மூக்குக் குத்தியது இதனால்தான். தடித்த முனை தாடையில் இறங்கவும் அதிக விசை வேணும்.

சரி, வலுக் குறைவு என்பது எப்போதும் குறைதானா? 2011-ல் அமெரிக்க அரசு மெக்சிகோ வளைகுடாவின் நீள்கயிற்றுத் தூண்டில் படகுகளுக்கு ஒரு விதி போட்டது. 3.65 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத உருண்டைக் கம்பியில் செய்த முள்ளைத்தான் போடணும். பிடிக்க வேண்டிய மஞ்சள்துடுப்புச் சூரை அதில் நிற்கும். அங்கே முட்டையிட வரும் பெரிய நீலத்துடுப்புச் சூரை இழுத்தால் முள் நிமிர்ந்து அதை விட்டுவிடும். நிமிர்வதே அந்த முள்ளின் வேலை!

இதைப் படித்ததும் மேசை முள்ளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது 50 பவுண்டு பின்னல் நூல். ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நூலை வழுக்கவிடும் பிடியை, திருகி முழுசாக இறுக்கியிருந்தேன். நூல் அறாது, ரீல் விடாது. மிச்சம் இருந்தது முள் ஒன்றுதான். தப்பு முள் மேல் இல்லை. ஒருவேளை முள் நிமிராமல் நூல் அறுந்திருந்தால், இரண்டு ட்ரெபிளோடு லூர் மீனின் வாயிலேயே தங்கியிருக்கும். ஆறு முனை தைத்த வாயோடு அது எதைத் தின்று பிழைக்கும்?

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது: முதலில் டிராக் வழுக்கணும், அது போதாதபோது முள் நிமிரணும், நூல் கடைசிவரை அறக்கூடாது. முள் டிராக்குக்கு அண்ணன், நூலுக்குத் தம்பி. கடையில் எக்ஸைப் பார்த்து வாங்குவதோடு நிறுத்தாமல், வீட்டில் ஒரு முனையை வலுவான வளையத்தில் மாட்டி, கையுறையும் கண்ணாடியும் போட்டு, வில்தராசால் மெதுவாக இழுத்துப் பார்க்கிறேன். எந்த எடையில் விரிகிறது என்று குறித்துக்கொள்கிறேன். டிராக்கை அதற்குக் கீழே வைக்கிறேன். அந்த லூரில் இப்போது 1 எக்ஸ் முள். மறுபடி நன்றாக நெளிகிறது.

நிமிர்ந்த முள்ளைத் தூக்கிப் போடவில்லை. அந்த மீன் இன்னும் ஏரியில் நீந்திக்கொண்டிருந்தால், அதற்குக் காரணம் இதுதான்.