சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன காலம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, கடை, உணவகம், சில்லறை வியாபாரம் என்று நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவை. "ஆள் நிற்க மாட்டேன் என்கிறான்" என்ற பேச்சை பிரிக்பீல்ட்ஸிலும் கேட்கிறோம், கிள்ளானிலும் கேட்கிறோம். கிள்ளான் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டு நடந்ததை இந்தப் பொன்விழா மலரில் நாம் நினைவுகூர்வது அதனால்தான்.

ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்த நேரம். விலைவாசியும் ஏறியது. தமிழ்த் தொழிலாளரின் கூலியோ சீனத் தொழிலாளரின் கூலியை எட்டவில்லை. ஆகவே சமகூலி கேட்டார்கள். ஆனால் அவர்களுடைய கோரிக்கைகளை முழுதும் படித்தால் நமக்கு வியப்பாக இருக்கிறது. முரட்டுத்தனமாக நடக்கும் அதிகாரிகளை மாற்ற வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிள் சமாச்சாரம் அற்பமாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் துரைக்கு ஒரு காசு நட்டமில்லை. இறங்குகிறவனுக்கோ அது அன்றாட அவமானம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கூலியோடு மானத்தையும் சேர்த்துப் பேசினார். தொழிலாளர் அவர் பின்னால் நின்றதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. கூலி சற்று உயர்ந்ததும் பலர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தவுடன் மறுபடி தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. இம்முறை அவர்கள் முதலில் கேட்டது காசையல்ல, தங்கள் தலைவரின் விடுதலையை.

நிர்வாகமோ இதைக் கலகக்காரர் தூண்டுதல் என்றே பார்த்தது. மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நாம் உண்பதையே நம்மிடம் வேலை செய்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஒரே சகனில் முதலாளியும் பணியாளும் கைவைத்து உண்ணும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. விருந்து நாளில் அதைச் செய்துவிடுகிறோம். கடையில் வாடிக்கையாளர் முன்னால் பையனை எப்படிக் கூப்பிடுகிறோம், அவன் குறை சொன்னால் உட்கார வைத்துக் கேட்கிறோமா என்பதுதான் கடினமான பகுதி. தோட்டத்துத் துரைமார் அதைச் செய்யவில்லை.

அவசரநிலை அறிவித்து ஏழு மாதம் முடியுமுன் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்தச் சிப்பாய்களில் பலர் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தார்கள். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. அதற்குள் துரைமார் பலர் தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் போயிருந்தார்கள். தொழிலாளர் தோட்டத்திலேயே இருந்தார்கள்.