ஃபேன் வேகம் யார் கையில்?

போன வாரம் பழவேற்காடு கோட்டைக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் நான்கு நாள் இருந்தேன். அக்காவுக்கு வயது 82. இடது பக்கம் விழுந்து மூன்று வருடமாகப் படுக்கை. வாய் மட்டும் பழைய வாய்தான். அவர் கட்டிலுக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேனைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வரலாறு வாத்தியார் ஃபேனைப் பார்த்தாலும் வரலாறுதான் எழுதுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் வருவதற்கு முன் கலெக்டர் ஆபீசிலும் கோர்ட்டிலும் துரைமார் பங்களாவிலும் இருந்தது பங்கா. உத்தரத்தில் தொங்கும் நீளமான துணிச் சட்டம். அதன் கயிறு சுவர்த் துளை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து ராத்திரி முழுக்க இழுப்பார். வேகத்தைக் கூட்ட உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போதும். அந்த ஆள் கண்ணயர்ந்தால் உதை. உதைபட்டுச் செத்தவர்களும் உண்டு. வழக்கு நடந்தாலும் வெள்ளைக்காரருக்குப் பெரும்பாலும் லேசான தண்டனைதான். காற்று ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு.

1880களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷின் கம்பெனியில் இருந்த பிலிப் டீல், மோட்டாரை உத்தரத்தில் மாட்டி சீலிங் ஃபேன் செய்தார். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. அடுத்த இருபது முப்பது வருடங்களில் பெரிய கட்டடங்களில் பங்கா கயிறு அவிழ்ந்து, சுவரில் ரெகுலேட்டர் ஏறியது. கருப்பு பேக்லைட் பெட்டி, அதில் 1 முதல் 5 வரை எண்கள். என் வயதுக்காரர்களுக்கு அதன் 'கடக் கடக்' சத்தம் நினைவிருக்கும். உள்ளே இருந்தது கம்பிச்சுருள். குறைத்து வைத்தால் மோட்டாருக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாக வீணாகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெட்டியைத் தொட்டால் சுடும். 'ஒன்றில் வைத்தால் கரண்ட் மிச்சம்' என்று பிள்ளைகளிடம் நான் சொன்னது பாதிதான் உண்மை.

அப்புறம் குட்டி எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தது. அது மின் அலையைத் துண்டு துண்டாக வெட்டி விடுகிறது. பல்புக்கு அது சரி, மங்கலாக எரியும். ஃபேன் மோட்டார் வேறு ஜாதி. வெட்டுப்பட்ட அலையில் அது 'ம்ம்ம்' என்று முனகும். முனகாத வழி, நடுவில் கண்டன்சர் போடுவது. சூடும் அதிகமில்லை, சத்தமும் இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் அக்கா வீட்டுக் கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அக்கா பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆயா மேலுள்ள பாசத்தில் 2023-இல் ஏதோ ஒரு கம்பெனியின் கருவியை ஆன்லைனில் வாங்கி, சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு மாட்டினான். போனில் விரலை இழுத்தால் வேகம் மாறும். சென்னையில் உட்கார்ந்தே மாற்றலாம். ஃபேன் மட்டும் முனகிக்கொண்டே இருந்தது. அது பல்பை மங்கலாக்கும் சாதனம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். கரண்ட் போனது, இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் டவர் விழுந்து நெட் போய்விட்டது. கருவிக்கு உத்தரவு கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் வர வேண்டுமாம். ஃபேன் முழு வேகத்திலேயே நின்றுவிட்டது. ஈரக் காற்று, கொட்டும் மழை. அக்கா நடுங்கியிருக்கிறார். சுவிட்சை அணைத்தால் கொசு. மருமகள் விடிய விடியப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போட்டும் அணைத்தும் கொண்டிருந்தாள். வராந்தாவில் கயிறு பிடித்த ஆளின் வேலை திரும்பவும் ஒருவருக்கு வந்துவிட்டது.

மழை விட்டதும் அக்கா என்னிடம் போனில் சொன்னது: "என் தலைக்கு மேல ஓடுறத மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் பாத்துக்குறானாம்டா. ஏரில பாட்டுக்குக்கூட நம்மூருக்காரனே சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்குறான்." வெளியூர் நண்பர்களுக்கு: பாடு என்பது ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று குப்பத்தார் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வது.

என்னிடம் படித்த ஒரு எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டேன். அவன் அந்தக் கருவியைக் கழற்றி, கண்டன்சர்களை மாற்றி மாற்றி இணைக்கும் ரிலே பலகை ஒன்றை மாட்டினான். சுவர் ரெகுலேட்டருக்கும் உயிர் கொடுத்தான். எல்லாவற்றையும் நடத்துவது வீட்டுக்குள்ளேயே இருக்கும், சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு சிறு கம்ப்யூட்டர். அதில் ஓடுவது ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருள். நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்கிறது.

இதை 2013-இல் தொடங்கியவர் பவுலஸ் ஸ்கவுட்சன், ஒரு டச்சுக்காரர். நான் சிரித்துவிட்டேன். 1613-இல் இதே குப்பத்துப் பக்கம் கெல்ட்ரியா கோட்டை கட்டி, துணி வாங்கி ஏற்றிய டச்சுக்காரர்கள் 1825-இல் எங்கள் ஊரைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கல்லறைகள் மிச்சம் என்று வகுப்பில் சொல்லுவேன். இனி ஃபேனையும் சேர்க்க வேண்டும். அந்த மென்பொருளில் முதலில் ஃபேனுக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்றுதான் வேகங்கள் வைத்திருந்தார்களாம். நம் ஐந்து எண்ணுக்கு அது ஒட்டாது. 2021-இல் சதவீதத்துக்கு மாற்றினார்கள். ஒரு எண்ணுக்கு 20 சதவீதம், கணக்கு சரியாக வருகிறது.

பையன் ஒரு எச்சரிக்கையும் சொன்னான். புதிதாக வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குள் ஓடுகிறது, பழைய ஃபேன் 75 வாட் வரை இழுக்கும். ஆனால் அதற்கு வேகம் மாற்றும் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. சுவர் ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டினால் கெட்டுப்போகும். உப்புக் காற்றில் எங்கள் ஊரில் எதுவுமே சீக்கிரம் பூத்துவிடும், பலகையை மூடி வைக்கச் சொன்னான்.

அக்காவுக்குப் போன் எல்லாம் இல்லை. வலது கைப் பக்கம் கட்டில் சட்டத்தில் ஒரு பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் கூடும், இரண்டு தரம் அழுத்தினால் குறையும். முதல் நாள் ராத்திரி சும்மாவே அழுத்திக்கொண்டிருந்தார், மேலே ரிலே 'டக் டக்' என்றது. மருமகள் நன்றாகத் தூங்கினாள்.

பழைய பங்கா வளையம் உத்தரத்தில் இன்னும் இருக்கும் வீடோ ஆபீசோ உங்களுக்குத் தெரிந்தால் படம் எடுத்துப் போடுங்கள். பேக்லைட் ரெகுலேட்டர் வைத்திருப்பவர்களும்.