கனவு வராத மாணவியும் மேரி ஷெல்லியும்



நான் செய்த ஒரு பிழையைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை திகில் கதை எழுதும் பயிற்சி கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டும் பொருட்டு, 'பிராங்கன்ஸ்டைன்' எனும் புகழ்பெற்ற நாவல் பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்கு ஓரிரவு பயங்கரக் கனவு வந்தது, மறுநாளே எழுதினாள், உலகப் புகழ் பெற்றாள். இவ்வளவுதான் நான் சொன்னது. வகுப்பு வாய்பிளந்து கேட்டது. எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து அனைவரும் கதையை ஒப்படைத்தனர். ஒரு மாணவி மட்டும் வெற்றுத்தாளை நீட்டினாள். காரணம் கேட்டேன். "எனக்கு இன்னும் கனவு வரலை, டீச்சர்" என்றாள். அவள் குறும்பு செய்யவில்லை. உண்மையாகவே ஒவ்வோர் இரவும் காத்திருந்திருக்கிறாள். தனக்குக் கதை எழுதும் கொடுப்பினை இல்லை என்றும் முடிவு கட்டிவிட்டாள்.

அன்று மாலை நான் நிம்மதியாக உறங்கவில்லை. நான் சொன்ன வரலாறு முழுமையானதுதானா எனத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பக்கத்தில் வெடித்த மலை

இவ்வரலாறு ஐரோப்பாவில் தொடங்கவில்லை. நம் வட்டாரத்திலேயே தொடங்குகிறது. பாலித் தீவுக்குக் கிழக்கே உள்ள சும்பாவாத் தீவில் 1815 ஏப்ரல் மாதம் தம்போரா எரிமலை வெடித்தது. ஏப்ரல் 5ஆம் நாள் எழுந்த முதல் முழக்கம் ஜாவா வரைக்கும் கேட்டது. பீரங்கி ஒலியென எண்ணி யோக்யகர்த்தாவிலிருந்து படைப்பிரிவு ஒன்று புறப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அக்காலத்தில் ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய ஆளுநர், பின்னாளில் சிங்கப்பூரில் குடியேற்றம் அமைத்த ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் அவர்களே. ஏப்ரல் 10ஆம் நாள் பெருவெடிப்பு நிகழ்ந்தது. பல்லாயிரக்கணக்கானோர் வெடிப்பிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் மாண்டனர்.

மலை உமிழ்ந்த கந்தக வளிமம் வானத்தின் மேலடுக்கில் நுண்துகள்களாகப் பரவி, கதிரவனின் வெப்பத்தைத் தடுத்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஓயாத மழை, பயிரழிவு, பசி என நாடுகள் தவித்தன. 1816ஆம் ஆண்டுக்குக் 'கோடையில்லா ஆண்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஏரிக்கரை மாளிகையில் ஐவர்

அந்த மழைக்காலத்தில்தான் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் ஐந்து ஆங்கிலேயர்கள் கூடினர். கவிஞர் பைரன் பிரபுவுக்கு வயது 28. கவிஞர் பெர்சி ஷெல்லிக்கு 23. பைரனின் மருத்துவர் ஜான் பொலிடோரிக்கு 20. ஷெல்லியின் துணைவி மேரிக்கும், மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேருக்கும் 18. பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வில்லா டியோடாட்டி எனும் மாளிகையில் இரவுதோறும் கணப்பருகே அமர்ந்து, ஜெர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வாசித்தனர். ஓரிரவு பைரன், நாம் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுவோம் என்றார்.

மேரியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவர்கள் இருவரும் பெருங்கவிஞர்கள். தந்தை வில்லியம் காட்வின் புகழ்பெற்ற சிந்தனையாளர். தாய் மேரி உல்ஸ்டன்கிராப்ட், 1792இல் பெண்ணுரிமை நூல் எழுதியவர். மகள் பிறந்த 11 நாள்களில் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் மறைந்தவர். இத்தகைய பெற்றோருக்கு ஏற்ற பிள்ளையெனத் தன்னை நிலைநாட்ட வேண்டுமென்று கணவர் தொடக்கத்திலிருந்தே வற்புறுத்தி வந்ததை மேரியே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். 'அக்கா கெட்டிக்காரி, நீயும் அப்படி வரவேண்டும்' என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வதும் இதே சுமைதான்.

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் மற்றவர்கள், கதை கிடைத்ததா எனக் கேட்பார்களாம். ஒவ்வொரு நாளும் இல்லை என்று சொல்ல நேர்ந்தது தமக்கு அவமானமாக இருந்ததென 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார்.

பின்னர் ஓரிரவு, உயிரின் தோற்றம் பற்றியும் பிணத்திற்கு மின்விசையால் உயிரூட்டுவது இயலுமா என்பது பற்றியும் பேச்சு நடந்தது. அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த மேரி, படுக்கைக்குச் சென்றும் உறக்கம் வராமல் கிடந்தார். தான் உருவாக்கிய உருவம் அசைவதைக் கண்டு நடுங்கும் இளைஞனின் தோற்றம் அவர் மனக்கண்ணில் எழுந்தது. என்னை அச்சுறுத்தியது பிறரையும் அச்சுறுத்தும் என அவர் உணர்ந்தார். மறுநாளே எழுத்து தொடங்கியது.

நான் வகுப்பில் சொன்ன கதை இத்துடன் முடிந்தது. இனி வருவது நான் சொல்லத் தவறியது.

நாட்குறிப்புகள் சொல்வது

மேரியின் முன்னுரை, நிகழ்ச்சி நடந்து 15 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அந்த நாள்களுக்குரிய அவருடைய நாட்குறிப்பேடு தொலைந்துவிட்டது. ஆயினும் பொலிடோரியின் நாட்குறிப்பு 1911ஆம் ஆண்டு அச்சேறியது. அதில் ஜூன் 17ஆம் நாள், தன்னைத் தவிர எல்லாரும் கதையைத் தொடங்கிவிட்டனர் என்று எழுதியுள்ளார். அப்படியாயின் அன்று கையில் கதை இல்லாதவர் மேரியல்லர், பொலிடோரியே! உயிரின் தத்துவம் பற்றிய உரையாடலும் ஷெல்லிக்கும் தமக்கும் இடையே ஜூன் 15ஆம் நாள் நடந்ததாக அவர் குறித்திருக்கிறார்.

அப்படியென்றால் மேரி பொய் சொன்னாரா? 2011ஆம் ஆண்டு அமெரிக்க வானியலறிஞர் டொனால்டு ஓல்சனும் குழுவினரும் இதனை வேறு வழியில் ஆராய்ந்தனர். சன்னல் வழியே நிலவொளி நுழைந்ததாக மேரி எழுதியிருக்கிறார் அல்லவா? அந்த மலைச்சரிவின் மேல் நிலவு எழுந்து அவ்வறைக்குள் ஒளி வீசக்கூடிய நேரத்தைக் கணக்கிட்டனர். ஜூன் 16, அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பொழுது என விடை கிடைத்தது. இது சரியாயின் மேரியின் கூற்றும் பொலிடோரியின் குறிப்பும் முரண்படவில்லை. மேரி 16ஆம் நாள் தொடங்கினார். 17ஆம் நாள் பொலிடோரி மட்டுமே எஞ்சியிருந்தார்.

இதிலிருந்து தெரியவருவது என்ன? மேரியின் மனத்தடை நீடித்தது சில நாள்களே. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த 'இல்லை' என்ற சொல்லின் வலி மட்டும் அவர் நினைவில் பெரிதாக நின்றது. எழுத முடியாமற்போன அவமானம் அத்தகையது. நம் வகுப்பறையில் வெற்றுத்தாளோடு அமர்ந்திருக்கும் பிள்ளை, அந்த ஒரு மணி நேரத்தை எத்தனை ஆண்டுகள் சுமக்குமோ!

கனவும் வெற்றிடத்திலிருந்து வரவில்லை

படைப்பு என்பது ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாவதில்லை, முதலில் பொருள் வேண்டும் என்று மேரியே அம்முன்னுரையில் விளக்குகிறார். அவரிடம் என்ன பொருள் இருந்தது? 1815 பிப்ரவரியில் அவருக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரத்தில் இறந்தது. மார்ச் 19ஆம் நாள் நாட்குறிப்பில் ஒரு கனவைப் பதிந்துள்ளார். குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகே தேய்த்ததும் உயிர்பெற்றது என்பதே அக்கனவு. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் கதையை அந்தத் தாய் எங்கிருந்து பெற்றார் என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. தாமே அஞ்சியதைத் தொட்டபோதுதான் அவர் கை நகர்ந்தது.

ஓரிரவும் பதினொரு மாதமும்

மேரி நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து எழுதத் தொடங்கவில்லை. தாம் கண்ட காட்சியை மட்டும் முதலில் எழுதினார். அஃது இன்று நூலில் சில அத்தியாயங்கள் கடந்த பின்னரே வருகிறது. சிறுகதையாக முடிக்க எண்ணியதைக் கணவரின் ஊக்கத்தால் விரித்தார். ஜூலையில் பனியாற்றைக் காணச் சென்றார். அந்தப் பனியாறும் நாவலுக்குள் வந்தது. அக்டோபரில் உடன்பிறந்தவள் பேன்னி தற்கொலை செய்துகொண்டாள். டிசம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி நீரில் மூழ்கி இறந்தார். இவற்றுக்கிடையே, கைக்குழந்தை ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக எழுதி, 1817 மே மாதம் முடித்தார். ஓரிரவுக் கனவுக்குப் பின்னால் ஏறக்குறைய பதினொரு மாத உழைப்பு இருக்கிறது.

பின்னரும் குறைந்தது இரண்டு பதிப்பாளர்கள் மறுத்தனர். 1818 ஜனவரி 1ஆம் நாள் மூன்று பாகங்களாக, ஆசிரியர் பெயரின்றி, 500 படிகள் மட்டும் வெளிவந்தன. எழுதியவர் பெர்சி ஷெல்லிதான் என வால்டர் ஸ்காட்டே எண்ணினார். மேரியின் பெயர் நூலில் இடம்பெற 1823ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு வரவேண்டியிருந்தது.

ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் அந்நாவலின் கையெழுத்துப்படி பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஓரங்களில் பெர்சியின் திருத்தங்கள் உள்ளன. ஆய்வாளர் சார்லஸ் ராபின்சன் கணிப்பின்படி ஏறத்தாழ 72,000 சொற்களில் நாலாயிரம் முதல் ஐயாயிரம் சொற்கள் பெர்சியுடையவை. அவற்றுள் உதவியான திருத்தங்களும் உண்டு. மேரியின் எளிய சொல்லை எடுத்துவிட்டுக் கனமான சொல்லை வைத்த இடங்களும் உண்டு. இதைப் படித்தபோது என் சிவப்புப் பேனா நினைவுக்கு வந்தது. பிள்ளை 'பயந்தேன்' என எழுதினால் அதனை அடித்து, 'புலியைக் கண்ட மான்போல நடுங்கினேன்' என மாற்றி எழுதியவள் நான்.

மற்றவர்கள் என்ன ஆயினர்?

பெருங்கவிஞர்கள் இருவரும் விரைவில் சலித்துக் கைவிட்டனர். பைரன் சில பக்கங்களோடு நிறுத்தினார். பொலிடோரியின் முதல் கதைக்கருவை மேரி 1831இல் நகைச்சுவையாகவே நினைவுகூர்கிறார். ஆனால் அந்த மருத்துவர், பைரன் கைவிட்ட துணுக்கை எடுத்து வளர்த்து 'தி வேம்பயர்' எனும் கதையை எழுதினார். 1819இல் அஃது அவர் பெயரின்றி, பைரன் பெயரில் இதழொன்றில் வெளியாயிற்று. ஆங்கில உரைநடையில் இரத்தம் குடிக்கும் பிரபுவின் கதைமரபு அதிலிருந்துதான் கிளைத்தது. டிராகுலா வந்தது 1897இல். உரிய பெருமையைக் காணாமலே பொலிடோரி 1821இல், தமது 25ஆம் வயதில் இறந்தார்.

ஆக, அந்த மாளிகையில் பேய்க்கதையை முடித்துக் காட்டியவர்கள், தம்மால் இயலுமா என ஐயுற்ற இளையோர் இருவரே.

மீண்டும் வகுப்பறைக்கு

மறுவாரம் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். முழு வரலாற்றையும் சொன்னேன். பிறகு அம்மாணவியை அழைத்து, கதை என்ன என்று கேட்காமல், எப்போது பயந்தாய் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் நின்றாள். அவள் தாயாருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பின்னிரவில் கிரில் கதவு அசையும் ஓசை கேட்கும். வந்திருப்பது அம்மாதானா என்று தெரியாமல் போர்வைக்குள் மூச்சை அடக்கிக் கிடப்பாளாம். அந்த ஓசையை மட்டும் எழுது, தொடக்கமும் முடிவும் இப்போது வேண்டா என்றேன்.

ஆறு வரிகள் எழுதினாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் பேனாவை எடுக்கவில்லை. கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தாள். உள்ளே வந்தது யார் என்று வகுப்பே அவளைக் கேட்டது. "நாளைக்கு எழுதுறேன்" என்றாள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்விக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆசிரிய நண்பர்களே, பிள்ளை வெற்றுத்தாளோடு வந்தால் 'யோசி, யோசி' என்று விரட்டாதீர்கள். அது டியோடாட்டி மாளிகையில் காலைதோறும் கேட்கப்பட்ட அதே வினா. நடுவிலிருந்து தொடங்க இடம் கொடுங்கள். முதல் வரைவில் திருத்தாதீர்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பயந்த கதையைச் சொன்னால், 'இதற்கெல்லாமா பயம்?' என்று சிரித்துவிடாதீர்கள். அதுவே அப்பிள்ளையின் முதல் கதைப் பொருளாக இருக்கலாம்.

அன்று என் மேசையில் இருந்த வெற்றுத்தாளை நான் எறியவில்லை. அதன் மறுபக்கத்தில்தான் அந்த ஆறு வரிகளும் உள்ளன.