வயலைப் பார்க்கும் பணம், ஊரைப் பார்க்கும் பணம்

டெல்டாவில் சம்பா மழையில் சாய்ந்தால் விவசாயிக்கு இரண்டு வழியில் பணம் வரலாம்: அரசு அறிவிக்கும் பேரிடர் நிவாரணம், பிரீமியம் கட்டியிருந்தால் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு. இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தாலும் இரண்டும் அளப்பது ஒன்றையல்ல.

நிவாரணம் அவரவர் வயலைப் பார்க்கிறது. விஏஓவும் வேளாண்துறை அலுவலரும் வரப்பில் நின்று கணக்கெடுப்பார்கள். சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும். 2022-26 காலத்துக்கான ஒன்றிய அரசின் விதிமுறைப்படி பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்கு ஏழாயிரம்கூடத் தேறாது. இதன் பெயரே இடுபொருள் மானியம். போன விளைச்சலுக்கு விலை அல்ல. மாநில அரசு மனம் வைத்தால் கூடும்: 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குத் தமிழக அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. கணக்கெடுப்பு முந்திவிட்டாலும் வில்லங்கம்தான். தண்ணீர் வடிந்ததும் பயிர் பச்சையாகத் தெரியும். கதிர் பதராவது அலுவலர்கள் போன பிறகு.

காப்பீடு ஊரைப் பார்க்கிறது. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதிப் பிரீமியத்தை அரசுகள் ஏற்கின்றன. அறுவடை நாளில் ஊரில் நான்கு இடங்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுகிறார்கள். அந்தச் சராசரிதான் ஊருக்கே விளைச்சல். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 20 மூட்டை, இவ்வாண்டுச் சராசரி 15 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். கால்பங்கு குறைவு, ஆகவே காப்பீட்டுத் தொகையில் கால்பங்கு எல்லோருக்கும். பள்ளக்காலில் மூன்று மூட்டை கண்டவருக்கும் அதே பணம், மேட்டுக்காலில் 22 மூட்டை கண்டவருக்கும் அதே பணம். சராசரி 20ஐத் தாண்டிவிட்டாலோ, இந்தக் கணக்கில் பள்ளக்கால்காரருக்கு ஒன்றுமில்லை. பக்கத்து ஊருக்கு வந்த பணம் நம் ஊருக்கு ஏன் வரவில்லை என்று ஆண்டுதோறும் எழும் சண்டையின் வேர் பெரும்பாலும் இந்தச் சராசரிதான்.

இப்படி இருந்தும் என் தட்டு காப்பீட்டின் பக்கமே சாய்கிறது. பெரிய இழப்பில் அதன் தொகை பெரிது. கட்டிய பணத்துக்குக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. நிவாரணத்துக்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். 2023 குறுவையில் இது நன்றாகத் தெரிந்தது. ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணை அக்டோபர் 10இல் மூடப்பட, பயிர் கருகியது. அந்த ஆண்டு குறுவைக்குக் காப்பீடு இருக்கவில்லை. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று அரசு அறிவித்ததைக் கைநீட்டி வாங்கிக்கொள்வதைத் தவிர விவசாயிக்கு வழியிருக்கவில்லை.

ஆனால் காப்பீட்டு உரிமையைக் கேட்க எடை தெரிய வேண்டும். அந்த நான்கு எடைகள் என்னவென்று பிரீமியம் கட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பா அறுவடை நடக்கும்போதே ஜனவரி 26 கிராம சபையும் வருகிறது. மாதிரி அறுவடை எந்த வயல்களில், எந்தத் தேதியில், எடை எவ்வளவு என்பதை அன்றன்றே விஏஓ அலுவலகச் சுவரில் எழுதிப் போட வேண்டும் என்று அந்தச் சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.