பசியைக் கொல்லும் கறிச்சுருள்

இந்த முறை ஒரு சாப்பாட்டின் சரித்திரம். சைவ நண்பர்கள் மன்னிக்கவும் :-)

அர்ஜென்டினாவில் 'மத்தாம்ப்ரே' என்று ஒரு அயிட்டம் உண்டு. ஸ்பானிஷில் 'மத்தா' என்றால் கொல்லும், 'ஆம்ப்ரே' என்றால் பசி. மாட்டின் தோலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே போர்வை மாதிரி இருக்கும் மெல்லிய கறி. அதை விரித்து, பூண்டு, பார்ஸ்லி, கேரட், பசலைக்கீரை, அவித்த முட்டை எல்லாம் வைத்துப் பாய் போலச் சுருட்டி, நூலால் கட்டுவார்கள். கறி கொஞ்சம் முரடு. அதனால் பலர் வேகவைத்துவிடுவார்கள். பார்பிக்யூவில் செய்பவர்கள் தணிந்த கங்கில் திருப்பித் திருப்பி, நிதானமாகச் சுடுவார்கள்.

சரி, பசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

18ஆம் நூற்றாண்டில் பாம்பாஸ் புல்வெளியில் காட்டு மாடுகள் ஏராளம். ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது தோலும் கொழுப்பும்தான். கறியைக் கெடாமல் அவ்வளவு தூரம் அனுப்ப வழியில்லை. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், தோல்தான் சரக்கு, கறி வேஸ்ட். கௌச்சோ எனப்படும் குதிரை வீரர்கள் தோலை உரித்ததும் முதலில் கைக்கு வந்த கறி இதுதான். பசிக்குச் சுட்டுத் தின்றார்கள், யாரும் காசு கேட்கவில்லை.

1810-களில் நிலைமை மாறியது. புவனோஸ் ஐரிஸ் பக்கம் 'சலதேரோ' என்ற உப்புக்கறித் தொழிற்சாலைகள் வந்தன. பின்னாளில் கவர்னரான ரோசாஸ் 1815-ல் இப்படி ஒன்றில் பங்குதாரர். உப்புக்கறி பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போனது, அங்கே தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு உணவாக. கறிக்கு விலை வந்துவிட்டது!

அதே 1815-ல் அங்கே ஒரு உத்தரவும் வந்தது. சொத்து இல்லாத கிராமத்தான் எல்லாம் வேலைக்காரன். முதலாளி கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் திரிந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள். இஷ்டம்போல் அலைந்து, கிடைத்த மாட்டை அறுத்துத் தின்ற வாழ்க்கைக்கு மெல்ல மெல்ல முடிவு.

1876-ல் 'ஃபிரிகொரிஃபிக்' என்ற குளிர்சாதனக் கப்பல் பிரான்சிலிருந்து புவனோஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்தது. பிறகு பச்சைக் கறியே ஏற்றுமதியாகி, நாடு பணக்கார நாடானது.

ஏற்றுமதி பெருகினால் வளர்ச்சி என்று படிக்கிறோம். உண்மைதான். ஆனால் இலவசமாகக் கிடந்த ஒன்றுக்கு விலை வரும்போது, அதை நம்பி இருந்தவன் கதி என்ன? அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?