குமிழி ஒன்று, மதிப்பு இரண்டு

விருந்து நாளில் வீட்டிலேயே ஒரு நுரை மதுக் கலவை செய்வது மிக எளிது. நன்றாகக் குளிர வைத்த உயரமான கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு அன்னாசிச் சாறோ ஆரஞ்சுச் சாறோ ஊற்ற வேண்டும். பிறகு கிண்ணத்தைச் சற்றுச் சாய்த்து, நுரைக்கும் ஒயினை அதன் பக்கவாட்டில் மெல்ல வார்க்க வேண்டும். கரண்டியால் கலக்கக் கூடாது. கலக்கினால் குமிழி போய்விடும். ஆரஞ்சுச் சாறும் சாம்பேனும் சம அளவில் சேர்ந்தால் அதற்கு மிமோசா என்று பெயர். பீச் பழக்கூழ் சேர்ந்தால் பெல்லினி. சர்க்கரைக் கட்டியில் சில துளி கசப்புச் சாரம் விட்டு அதன்மேல் சாம்பேனை ஊற்றுவது இவற்றிலும் பழைய முறை. அமெரிக்காவில் ஜெரி தாமஸ் 1862இல் வெளியிட்ட மதுக்கலவை நூலிலேயே சாம்பேன் காக்டெயில் இடம்பெற்றுவிட்டது.

இன்று மூவாரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் விருந்து மேசையில் இத்தகைய கிண்ணம் இருந்தால் அது நாகரிகம். அதே குடும்பத்தின் பாட்டனார் தோட்டத்தில் குடித்த கள்ளைப் பற்றிப் பேச்செடுத்தாலோ எல்லாருடைய குரலும் தாழ்ந்துவிடுகிறது. கள்ளும் ஒரு நுரை மதுதானே? பிறகு ஏன் ஒன்று பெருமை, மற்றொன்று அவமானம்?

முதலில் அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தென்னம்பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, பானையை மாட்டினால் இனிப்பான சாறு சொட்டுகிறது. பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் பானையிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரை சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். அந்த வாயுதான் கள்ளின் நுரை. ஒரு நாளுக்குள் சாராயச் சத்து ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காட்டை எட்டும். மேலும் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும்.

பிரான்சின் சாம்பேனிலும் நடப்பது இதேதான். அங்கு ஒயினைப் புட்டியில் அடைத்து, சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மறுபடி நொதிக்க விடுகிறார்கள். வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருப்பித் திறக்கச் சொல்கிறார்கள். சாம்பேனில் சாராயச் சத்து சுமார் 12 விழுக்காடு. அதாவது, கள்ளைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. போதையை அளவுகோலாகக் கொண்டால் கள்தான் சாது!

அப்படியானால் வேறுபாடு கிண்ணத்தில் இல்லை. அதைத் தேட ரப்பர் தோட்டங்களுக்குப் போக வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது மூவார் வட்டாரத்தின் லனட்ரோன் போன்ற தோட்டங்களுக்கு ஆள்பலம் தேவைப்பட்டது. 1907இல் மலாயாவில் அமைக்கப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவரும் செலவை ஏற்றது. கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். பால்மரக் காட்டில் லயங்கள் எழுந்தன. லயத்துக்கு அருகில் கோயில் வந்தது, சில இடங்களில் பள்ளி வந்தது, கள்ளுக்கடையும் வந்தது.

அக்காலத்தில் மாலை வேளையில் துரையின் பங்களாவிலும் குமிழி பொங்கியது. விஸ்கியும் சோடாவும் பாதிக்குப் பாதி சேர்ந்த அந்தக் கலவைக்கு ஸ்தெங்கா என்று பெயர். பாதி என்று பொருள்படும் 'செத்தெங்ஙா' என்ற மலாய்ச் சொல்லை வெள்ளைக்காரர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டார்கள். ஜின்னில் கசப்புச் சாரம் சேர்ந்தால் அது பாஹிட். அதுவும் கசப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்தான். சோடாவுக்கும் பஞ்சமில்லை. ஜோன் ஃபிரேசரும் டேவிட் நீவும் 1883இல் சிங்கப்பூரில் தொடங்கிய வாயு நீர் நிறுவனமே பின்னாளில் எஃப் அண்ட் என் என்று வீட்டுக்கு வீடு அறியப்பட்டது.

துரை ஸ்தெங்கா குடித்தால் அது களைப்பு தீர ஒரு கிண்ணம். தொழிலாளி கள் குடித்தால் அது தமிழனின் பலவீனம். இப்படித்தான் கணக்கு எழுதப்பட்டது. ஆனால் அந்தக் கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது யார்? உரிமம் தந்தது யார்? வருமானம் பெற்றது யார்? கள் உடலுக்கு நல்லது, அது இல்லாவிட்டால் தொழிலாளி கள்ளச் சம்சுவைத் தேடிப் போவான் என்று நிர்வாகங்கள் வாதிட்டன. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். ஆனால் 1928இல் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சம்பளம் வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தால் அந்தக் காசில் வீட்டுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? குடித்தது ஆண், பட்டினி கிடந்தது பெண்ணும் பிள்ளைகளும்.

இங்கேதான் பலர் மறந்துவிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. கள்ளுக்கடையை மூடு என்று குரல் கொடுத்தவர்கள் அந்தத் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் பட்டியலில் இருந்தது. அரசாங்கம் படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி அதற்குத் தலைமை தாங்கினார். லயத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, குடியை விடுவது, கள்ளுக்கடைமுன் மறியல் செய்வது ஆகியவை படையின் வேலைகள். 1947இல் அந்த மறியல் தடியடியிலும் கைதுகளிலும் உயிர்ப்பலியிலும் முடிந்தது. குடிகாரச் சமூகம் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள், குடியை நிறுத்த வேண்டும் என்று கேட்டதற்காக அடிபட்டார்கள். இதைவிடக் கொடிய முரண்பாடு உண்டா?

பின்னர் நாடு விடுதலை அடைந்தது. பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை நின்றது. லயத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். கள்ளுக்கடைகள் குறைந்தன. ஆனால் மலிவு மதுவின் ஆபத்து குறையவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் கள்ளச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனால் உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பிறகு உயிரையும் பறிக்கிறது. நிறத்தாலோ மணத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு ஊர்களிலும் செத்தவர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள்.

ஆகவே வீட்டில் கலவை செய்பவருக்கு முதல் விதி இதுதான்: முறையாக முத்திரையிட்ட புட்டியை மட்டும் வாங்க வேண்டும். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. குடிக்காதவருக்கும் வண்டி ஓட்டிச் செல்பவருக்கும் அதே உயரமான கிண்ணத்தில் அதே அன்னாசிச் சாறு. ஒயினுக்குப் பதிலாகச் சோடா, மேலே கொஞ்சம் எலுமிச்சை. குமிழியில் எந்தக் குறையும் தெரியாது.

அந்த விருந்தில் யாராவது தோட்டத்துத் தமிழனின் குடியைக் கிண்டல் செய்தால், 1941ஆம் ஆண்டின் கோரிக்கைப் பட்டியலை அவருக்கு நினைவூட்டலாம். கள்ளுக்கடையை மூடு என்று அதில் எழுதியவர்கள் துரைமார்கள் அல்லர், லயத்துத் தொழிலாளர்கள்.